பல பி.டி.எவ். கோப்புகளை ஒன்றாக்குதல்: எதை இணையத்தளத்தில் ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது?

எல்லா ஆவணங்களையும் ஒரே பி.டி.எவ். கோப்பாக இணைத்து அனுப்புங்கள் என்ற வரி இப்போது எங்கும் வருகிறது. விசா விண்ணப்பம், பல்கலைக்கழக அனுமதி, வெளிநாட்டில் புகலிடக் கோரிக்கை, காணி வழக்குக்காகச் சட்டத்தரணி கேட்கும் பிரதிகள் என எதை எடுத்தாலும் இதுவே நிபந்தனை. கைத்தொலைபேசியில் பதினைந்து, இருபது துண்டுகளாகக் கிடப்பவற்றை ஒன்றாக்க, கூகுளில் தேடி முதலில் வரும் தளத்தில் போடுகிறோம். அல்லது சந்தியில் இருக்கும் கொமினிக்கேசன் கடையில் கொடுக்கிறோம். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

பரீட்சைப் பெறுபேற்றையும் வேலை விண்ணப்பத்தையும் இப்படி இணைப்பதால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது. ஆனால் வடக்குக் கிழக்கில் ஒரு குடும்பத்தின் ஆவணக்கட்டில் இருப்பவை அவை மட்டுமல்ல. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழு தந்த பற்றுச்சீட்டு, ஐ.சி.ஆர்.சி. கடிதம், சமாதான நீதவான் முன்னால் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசி, முகாமில் தந்த அட்டை, காணி உறுதி, நில அளவை வரைபடம் என்று அந்தக் கட்டு நீளும். அவற்றுக்குள் கண்டவர்களின் பெயர் இருக்கும். கூட்டிச்சென்ற இடமும் திகதியும் இருக்கும். சாட்சி சொன்னவர் இன்றும் அதே ஊரில் குடியிருப்பார். இந்தக் கட்டை ஒரு கோப்பாக்கும்போது அது யாருடைய கணினி வழியாகப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யவேண்டும். வழிகள் பல உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு இணையமே தேவையில்லை.

ஒரே கட்டாக இருப்பதன் பயன்

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் ஒரே கதையை எத்தனை இடங்களில் சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2010 இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உருவாகி 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமல் போனோர் அலுவலகம், இவற்றுக்கு வெளியே ஜெனீவாவில் உள்ள ஐ.நா. செயற்குழு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு படிவம், ஒரு பதிவு இலக்கம், ஒரு பற்றுச்சீட்டு. ஒவ்வொரு முறையும் அதே பொலித்தீன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவேண்டியிருந்தது.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தொடங்கிய வீதியோரப் போராட்டத்தில் இருந்த பெற்றோரில் பலர் இன்று உயிருடன் இல்லை. தாய் இறந்தபின் அந்தப் பை யாரிடம் போகிறது? மூத்த மகளிடம் பாதி, கனடாவில் இருக்கும் மகனின் வட்ஸ்அப்பில் மீதி. எந்த முறைப்பாட்டுக்கு எந்த இலக்கம் என்று சொல்லத் தெரிந்தவர் போய்விட்டார். ஒருவருக்கு ஒரு கோப்பு என்று தாய் இருக்கும்போதே கட்டிவைத்திருந்தால், அடுத்த விசாரணைக்கோ வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்றுக்கோ போகும் பிள்ளை புதிதாகத் தேடவேண்டியதில்லை.

காணியிலும் இதே கதைதான். 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோரவேண்டும் என்றது. அந்த வருடம் யூன் மாதம் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தடை வருவதற்கு முன்னரான அந்த வாரங்களை நினைத்துப் பாருங்கள். உறுதி ஊரில், வரைபடம் கொழும்பில், முதுசமாக வந்ததைக் காட்டும் மரணச் சான்றிதழ் பாரிஸில் என்று கிடந்தால் மூன்று மாதம் என்பது மிகக் குறைந்த காலம்.

இணைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

பி.டி.எவ். வடிவத்தை அடோபி நிறுவனம் 1993 இல் வெளியிட்டது. 2008 இல் அது சர்வதேசத் தரமாக்கப்பட்டது. ஆகவே இதைத் திறக்கவும் உருவாக்கவும் இணைக்கவும் எந்த நிறுவனத்துக்கும் பணம் கட்டவேண்டியதில்லை. யாரும் மென்பொருள் எழுதலாம். இணைப்புத் தளங்கள் காளான் போல முளைத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

ஒரு பி.டி.எவ். கோப்புக்குள் பக்கங்கள், எழுத்துருக்கள், படங்கள் என்பன இலக்கமிட்ட துண்டுகளாக இருக்கும். எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்ற அட்டவணை வழமையாகக் கோப்பின் கடைசியில் இருக்கும். இணைக்கும் மென்பொருள் எல்லாக் கோப்புகளின் துண்டுகளுக்கும் புதிய இலக்கம் கொடுத்து, புதிய அட்டவணை ஒன்றை எழுதுகிறது. அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் படத்தை அது தொடுவதில்லை. அதனால், இணைத்தால் தெளிவு குறையுமோ என்று அஞ்சத் தேவையில்லை. தெளிவு குறைவது இணைத்தபின் அளவைச் சுருக்கும்போதுதான். அதைக் கீழே பார்ப்போம்.

இரண்டு இடங்களில் மட்டும் இணைப்பு கேட்டை விளைவிக்கும். முதலாவது, டிஜிற்றல் கையொப்பம் இடப்பட்ட கோப்புகள். கையொப்பம் அந்தக் கோப்பின் ஒவ்வொரு எழுத்தோடும் கட்டப்பட்டது. இணைத்தவுடன் அது செல்லுபடியற்றதாகிவிடும். வங்கியோ திணைக்களமோ மின்னணுக் கையொப்பத்துடன் அனுப்பிய ஆவணத்தை இணைக்காமல் தனியே அனுப்புங்கள். இரண்டாவது, கணினியிலேயே நிரப்பும் படிவங்கள். கணவனுக்கு ஒன்றும் மனைவிக்கு ஒன்றுமாக ஒரே படிவத்தை இரு தடவை நிரப்பி இணைத்தால், இரண்டிலும் கட்டங்களின் உட்பெயர் ஒன்றாக இருப்பதால் ஒருவரின் விபரம் மற்றவரின் பக்கத்திலும் வந்துவிடக்கூடும். நிரப்பிய படிவத்தை முதலில் அச்சிடுவது போலக் கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதிலாகப் பி.டி.எவ். ஆகச் சேமித்தால் கட்டங்கள் வெறும் எழுத்தாகிவிடும். பிறகு இணைக்கலாம்.

இணையத்தளத்தில் இணைத்தல்

அதிகம் பயன்படுத்தப்படுபவை ஸ்பெயினின் பார்சிலோனாவில் இருந்து இயங்கும் ஐலவ்பி.டி.எவ்., சுவிற்சர்லாந்தின் ஸ்மோல்பி.டி.எவ்., ஜேர்மனியின் பி.டி.எவ்.24, அடோபியின் சொந்தத் தளம் ஆகியவை. எல்லாவற்றிலும் செயன்முறை ஒன்றுதான். தளத்தைத் திறந்து இணைத்தல் என்ற பகுதிக்குப் போய், கோப்புகளைத் தெரிவுசெய்து ஏற்றவேண்டும். அவை சிறு கட்டங்களாகத் திரையில் வரும். விரலாலோ மௌஸாலோ இழுத்து வரிசையைச் சரிசெய்து, இணைக்கும் பொத்தானை அழுத்தி, வந்த கோப்பைத் தரவிறக்கவேண்டும். இலவசமாகச் செய்யும்போது கோப்பின் அளவுக்கோ எண்ணிக்கைக்கோ வரம்பு வரலாம். அப்படி வந்தால் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். ஐந்தைந்தாக இணைத்து, வந்தவற்றை மறுபடி இணைத்தால் போதும்.

இந்த நிறுவனங்கள், ஏற்றிய கோப்புகளை ஒரு சில மணி நேரத்துக்குள் தங்கள் சேவர்களில் இருந்து அழித்துவிடுவதாகக் கூறுகின்றன. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் இருந்து அங்கே கடுமையாக இருக்கிறது. பெயர் கெட்டால் வியாபாரம் கெடும். ஆகவே அவர்கள் சொல்வதைப் பொய் என்று கொள்ளக் காரணமில்லை. ஆயினும் அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு உங்கள் ஆவணம் உங்கள் கையில் இல்லை என்பது உண்மை. அழிக்கப்பட்டதா என்று நீங்கள் போய்ப் பார்க்கவும் முடியாது.

பெரிய ஆபத்து இந்தப் பெயர்பெற்ற தளங்களில் இல்லை, அவற்றைப் போலத் தோற்றமளிக்கும் தளங்களில் இருக்கிறது. அமெரிக்காவின் எவ்.பி.ஐ. அமைப்பின் டென்வர் அலுவலகம் 2025 மார்ச் மாதம் இதைப் பற்றியே எச்சரித்தது. கோப்புகளை மாற்றித் தருவதாகவும் படங்களை ஒரே பி.டி.எவ். ஆக இணைத்துத் தருவதாகவும் சொல்லும் சில இலவசத் தளங்கள், சொன்ன வேலையைச் செய்து கொடுத்துக்கொண்டே, திரும்பக் கொடுக்கும் கோப்புக்குள் தீங்கு மென்பொருளையும் சேர்த்து அனுப்புகின்றன. ஏற்றிய ஆவணத்தில் இருக்கும் அடையாள இலக்கம், வங்கி விபரம், கடவுச்சொல் போன்றவற்றையும் உறிஞ்சிக்கொள்கின்றன. வேலை சரியாக முடிவதால் ஏமாந்தவருக்குச் சந்தேகமே வருவதில்லை.

இதில் இருந்து தப்ப இரண்டு பழக்கங்கள் போதும். கூகுளில் தேடினால் மேலே முதலில் வருபவை பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்கள். அவற்றைத் தாண்டிப் போய், முகவரியை எழுத்தெழுத்தாக வாசித்த பின்னரே திறக்கவேண்டும். அடுத்தது, தரவிறங்கிய கோப்பின் பெயர் பி.டி.எவ். என்றே முடிகிறதா என்று பார்ப்பது. வேறு ஏதாவது எழுத்துகளில் முடிந்தால், அல்லது தரவிறக்குவதற்கு முன் ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னால், பக்கத்தை மூடிவிடுங்கள்.

வேறு வகைத் தளங்களும் உண்டு. இவை கோப்பை எங்கும் ஏற்றாமல், உங்கள் கணினியின் பிரவுசருக்குள்ளேயே இணைத்துத் தருபவை. பல தளங்கள் அப்படிச் செய்வதாகச் சொல்லிக்கொள்கின்றன. சொல்வது உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. தளத்தைத் திறந்தபின் வைபையையும் டேட்டாவையும் நிறுத்திவிட்டு, இணைத்துப் பாருங்கள். இணையம் இல்லாமலே வேலை முடிந்தால் கோப்பு உங்கள் கணினியை விட்டுப் போகவில்லை. சேமித்துவிட்டு, அந்தப் பக்கத்தை மூடிய பின்னரே இணையத்தைத் திரும்ப இணைக்கவேண்டும். கைத்தொலைபேசிச் செயலிகளையும் விமானப் பயண நிலையில் வைத்து இதேபோலச் சோதிக்கலாம்.

இணையமே வேண்டாம் என்றால்

சாட்சியங்கள், முறைப்பாடுகள், மருத்துவ அறிக்கைகள், காணி உறுதிகள் ஆகியவற்றை எந்தத் தளத்திலும் ஏற்றாமல் இணைப்பதுதான் நல்லது. இதற்குப் பெரிய கணினி அறிவு தேவையில்லை.

ஐபோனில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. ஃபைல்ஸ் என்ற செயலியைத் திறந்து, இணைக்கவேண்டிய கோப்புகளை ஒன்றாகத் தெரிவுசெய்து, கீழே மூன்று புள்ளியை அழுத்தினால் பி.டி.எவ். உருவாக்கு என்ற தெரிவு வரும். படங்களையும் பி.டி.எவ். கோப்புகளையும் கலந்தும் தெரிவுசெய்யலாம். மக் கணினியில் பிரிவியூ என்ற செயலியில் ஒரு கோப்பைத் திறந்து, பக்கவாட்டில் தெரியும் சிறு பக்கங்களின் வரிசைக்குள் மற்றக் கோப்பை இழுத்து விடவேண்டும்.

விண்டோஸ் கணினியில் பி.டி.எவ். கோப்புகளை இணைக்கும் வசதி கூடவே வருவதில்லை. ஆனால் உங்களிடம் இருப்பவை பி.டி.எவ். ஆகாமல், கைத்தொலைபேசியில் எடுத்த படங்களாகவே இருந்தால் வழி இருக்கிறது. படங்கள் எல்லாவற்றையும் தெரிவுசெய்து, வலது பக்கம் அழுத்தி, அச்சிடக் கொடுத்து, அச்சுப்பொறியின் இடத்தில் மைக்ரோசொப்ட் பிரின்ட் ரு பி.டி.எவ். என்பதைத் தெரிவுசெய்தால் எல்லாம் ஒரே கோப்பாக வரும். விண்டோஸ் 10 தொடக்கம் இந்த வசதி இருக்கிறது. ஏற்கெனவே பி.டி.எவ். ஆக இருப்பவற்றுக்கு பி.டி.எவ்.சாம் பேசிக் அல்லது பி.டி.எவ்.24 கிரியேற்றர் என்ற மென்பொருளை ஒருமுறை நிறுவிக்கொள்ளலாம். இரண்டும் இலவசம். முதலாவது திறந்த மூல மென்பொருள். நிறுவியபின் இணையம் இல்லாமலே இயங்கும். நிறுவும்போது அதன் சொந்தத் தளத்தில் இருந்தே எடுங்கள்.

அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசி வைத்திருப்பவர்களுக்கு என் ஆலோசனை, பின்னர் இணைக்கும் தேவையே வராமல் முதலிலேயே ஸ்கான் செய்வது. கூகுள் டிரைவ் செயலியில் ஸ்கான் பொத்தானை அழுத்தி, ஒரு பக்கம் எடுத்தபின் அடுத்த பக்கத்தைச் சேர்த்துக்கொண்டே போனால், முடிவில் எல்லாம் ஒரே பி.டி.எவ். ஆகச் சேமிக்கப்படும். அது கூகுளின் சேவரில் உங்கள் கணக்குக்குள் போய் இருக்கும் என்பதை மறக்கவேண்டாம். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை வீட்டில் உள்ள நாலு பேருக்கும் சொல்லிவைத்திருந்தால், கோப்பும் நாலு பேருக்குத் திறந்தே இருக்கும்.

கடையில் கொடுக்கும்போது

எங்கள் ஊர்களில் பெரும்பாலானவர்களின் ஆவணங்கள் பார்சிலோனாவில் கசியப்போவதில்லை. கசிந்தால் போட்டோக் கொப்பிக் கடையில்தான் கசியும். கடைக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு நாளைக்கு நூறு பேர் வந்துபோகும் இடத்தில் கணினி எப்படி இருக்கும் என்பதைத்தான் சொல்கிறேன். ஸ்கான் செய்தது டெஸ்க்ரொப்பில் கிடக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பியது கடையின் இலக்கத்தில் கிடக்கும். இணையத்தளத்தில் இணைத்தது தரவிறக்கப் பெட்டியில் கிடக்கும். அடுத்து வருபவர் தன் பென்ட்ரைவைச் செருகித் தன் கோப்பைத் தேடும்போது உங்களுடைய சத்தியக்கடதாசியும் வரிசையில் தெரியும். யார் எதைத் தேடி வருகிறார், யார் யாரிடம் வந்து விசாரிக்கிறார் என்பது கடைக்காரருக்கும் தெரியாது.

கடையைத் தவிர வேறு வழியில்லாவிட்டால், வட்ஸ்அப்பில் அனுப்பாமல் பென்ட்ரைவைக் கொண்டுபோங்கள். ஸ்கான் செய்பவற்றை நேராகப் பென்ட்ரைவுக்கே சேமிக்கச் சொல்லலாம். முடிந்ததும் பக்கத்தில் நின்று, கணினியில் இருப்பதை அழித்து, குப்பைக்கூடையில் இருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வங்கிப் புத்தகத்தை நீட்டும்போது காட்டும் கவனம் இங்கேயும் வேண்டும். உங்கள் மின்னஞ்சலைக் கடைக் கணினியில் திறந்திருந்தால் வெளியேறிவிட்டுத்தான் எழும்பவேண்டும். பென்ட்ரைவை வீட்டுக்குக் கொண்டுவந்தபின் வைரஸ் சோதனை செய்யவேண்டும். கடைக் கணினிகளில் இருந்து எது தொற்றிவரும் என்று சொல்லமுடியாது.

ஸ்கான், வரிசை, பெயர், அளவு

இணைப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்யும் ஸ்கான் கெட்டுப்போனால் மற்றதெல்லாம் வீண். புதைத்து வைத்து எடுத்த ஆவணங்கள், கடல் தண்ணீர் பட்டவை, கறையான் அரித்தவை எங்கள் வீடுகளில் நிறைய. அவற்றை வெள்ளைத் தாளின் மேல் விரித்து, காலையிலோ மாலையிலோ வரும் இயற்கை வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் எடுங்கள். லமினேற் செய்த ஆவணம் பளபளத்துக் கண்ணைக் கூசும். அதை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுக்கவேண்டும். இனிமேல் எந்த மூல ஆவணத்தையும் லமினேற் செய்யவேண்டாம். பிறகு கழற்ற முடியாது. பின்பக்கத்தையும் எடுங்கள். வெறுமையாகத் தெரியும் பின்பக்கத்தில் பதிவு முத்திரையோ பென்சிலால் எழுதிய இலக்கமோ இருக்கும்.

ஸ்கானர் இருந்தால் 300 டி.பி.ஐ. போதும். ஏ4 தாள் ஒன்று அந்த அளவில் 2,480 க்கு 3,508 புள்ளிகளாக வரும். சின்ன எழுத்தும் முத்திரையும் தெளிவாக வாசிக்கக் கூடியதாக இருக்கும். 600 இல் எடுத்தால் புள்ளிகள் நான்கு மடங்காகும். கோப்பு வீங்குவதைத் தவிர வழமையான ஆவணத்துக்குப் பெரிய நன்மை இல்லை. முத்திரை, நீல மைக் கையொப்பம், கைவிரல் அடையாளம் உள்ளவற்றை நிறத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மூலப் பிரதியா, போட்டோக் கொப்பியா என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது முன்னால் 01, 02, 03 என்று இரண்டு இலக்கமாகப் போடுங்கள். 1, 2 என்று போட்டால் சில மென்பொருள்கள் 10 ஐ 2 க்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிடும். தமிழில் பெயர் வைத்த கோப்புகளைச் சில தளங்கள் ஏற்காது, அல்லது பெயரைக் கட்டம் கட்டமாக்கிவிடும். அனுப்பும் கோப்புக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் இருப்பது வசதி. அந்தப் பெயரில் காணாமல் ஆக்கப்பட்டவரின் முழுப்பெயரையோ அடையாள அட்டை இலக்கத்தையோ போடவேண்டாம். கோப்பைத் திறக்காமலே, பெயரைப் பார்த்தே ஒருவர் விடயத்தைத் தெரிந்துகொள்வார்.

வரிசை என்பது ஆவணத்தைக் கேட்பவரைப் பொறுத்தது. புகலிடம் அல்லது விசாவுக்கான கோப்பில், தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஒவ்வொரு மூல ஆவணத்துக்கும் உடனே பின்னால் அதன் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு வரவேண்டும். மொழிபெயர்ப்புகளை எல்லாம் கடைசியில் மொத்தமாகப் போட்டால் அதிகாரி முன்னும் பின்னும் புரட்டவேண்டிவரும், சலித்துப்போவார். காணாமல் ஆக்கப்பட்டவரின் கோப்பில் கால வரிசையே நல்லது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, படம், பிறகு சம்பவத்துக்குப் பின்னர் கொடுத்த முதல் முறைப்பாடு, அதன்பின் ஒவ்வொரு ஆணைக்குழுவின் பற்றுச்சீட்டும் பதிலும் திகதிப்படி. காணிக் கோப்பில் பழைய உறுதியில் தொடங்கி, கைமாறிய ஒவ்வொரு உறுதி, உரிமையாளர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், வரைபடம், பிரதேச செயலகக் கடிதங்கள். அனுமதிப்பத்திரக் காணி என்றால் அனுமதிப்பத்திரமே முதலில் வரவேண்டும்.

முதல் பக்கமாக ஒரு தாளில் பட்டியல் ஒன்று எழுதிச் சேருங்கள். ஆவணத்தின் பெயர், திகதி, எந்தப் பக்கத்தில் இருக்கிறது, மூலப் பிரதி யாரிடம் உள்ளது என்ற நான்கு விபரம் போதும். கையால் எழுதிப் படம் எடுத்தாலும் பரவாயில்லை. இந்த ஒரு தாள்தான் இருபது கோப்புகளை ஒரு வழக்குக் கட்டாக மாற்றுகிறது. இணைத்தபின் பக்க இலக்கம் போடும் வசதி மேலே சொன்ன தளங்களிலும் பி.டி.எவ்.24 கிரியேற்றரிலும் உண்டு.

பட்டியலைக் கணினியில் தட்டச்சுச் செய்பவர்கள் பாமினி எழுத்துருவைத் தவிர்த்து யுனிகோட்டில் செய்யுங்கள். பாமினியில் செய்தது திரையில் தமிழாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். தேடினால் கிடைக்காது, பிரதி எடுத்து ஒட்டினால் வெறும் ஆங்கிலக் குழப்பம்தான் வரும். நூறு பக்கக் கோப்பில் ஒரு பெயரைத் தேடவேண்டி வரும்போது இந்த வித்தியாசம் தெரியும். ஸ்கான் செய்த பக்கங்களோ பெரும்பாலும் வெறும் படம்தான். அவற்றுக்குள் தேட முடியாது என்பதால்தான் பட்டியல் இன்னும் அவசியமாகிறது.

ஜிமெயிலில் 25 மெகாபைற்றுக்கு மேல் இணைக்க முடியாது. மின்னஞ்சலில் போகும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு வீங்கும் என்பதால், 18 க்குள் வைத்துக்கொள்வது நல்லது. கூடினால் சுருக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். ஆனால் சுருக்கிய கோப்பை அனுப்புவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, சுருக்காததை அழிக்காமல் தனியே சேமியுங்கள். சுருக்கியபின் முத்திரையில் உள்ள திகதியை வாசிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் சுருக்காமல் இரண்டு பகுதியாக அனுப்புவதே மேல்.

மறைக்கவேண்டிய பெயர்கள்

ஒரு கோப்பைப் பத்திரிகையாளருக்கோ வெளிநாட்டு அமைப்புக்கோ கொடுக்கும்போது சாட்சியின் பெயரை மறைக்க நினைப்போம். பி.டி.எவ். இன் மேல் கறுப்புக் கட்டம் ஒன்றை வரைந்துவிட்டால் மறைந்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். மறையவில்லை. தட்டச்சுச் செய்த ஆவணமாக இருந்தால், கட்டத்துக்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கும். அந்த இடத்தைத் தெரிவுசெய்து வேறு இடத்தில் ஒட்டினால் பெயர் வெளியே வரும். படத்தின் மேல் வரைந்த கட்டத்தையும் சில மென்பொருள்களால் அகற்ற முடியும். தாளில் போட்டோக் கொப்பி எடுத்து, அதில் பெயரின் மேல் கறுப்புத் தாள் துண்டு ஒட்டி, மறுபடி ஸ்கான் செய்வதுதான் எவருக்கும் தவறாமல் செய்யக்கூடிய வழி. பழைய முறைதான், ஆனால் அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

கைத்தொலைபேசிப் படத்தில் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கலாம். பி.டி.எவ். இன் பண்புகள் என்ற பகுதியில் கணினி உரிமையாளரின் பெயரும் பதிவாகியிருக்கலாம். ஒரு வீட்டில் ஒளித்துவைத்திருக்கும் ஆவணத்தை அதே வீட்டில் படம் எடுத்து அனுப்புபவர்கள், முதலில் கமராச் செயலியின் அமைப்பில் இடப்பதிவை நிறுத்தவேண்டும்.

இணைத்த கோப்பை அனுப்புவதற்கு முன் முதல் பக்கம் தொடக்கம் கடைசிப் பக்கம் வரை ஒருமுறை புரட்டுங்கள். தலைகீழான பக்கம், விடுபட்ட பக்கம், இரண்டு தரம் வந்த பக்கம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பெயரை மறைக்காத முழுக்கோப்புக்குக் கடவுச்சொல் போடுங்கள். பி.டி.எவ்.24 கிரியேற்றரிலும் மக் பிரிவியூவிலும் அந்த வசதி இருக்கிறது. கடவுச்சொல் மறந்துபோனால் திறக்க வழியில்லை. ஆகவே அதைக் கொப்பி ஒன்றில் எழுதி, மூல ஆவணப் பை இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். ஒரு பிரதி வீட்டில் பென்ட்ரைவில், மற்றது வெளிநாட்டில் இருக்கும் நம்பிக்கையான உறவிடம். அவருக்குக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.